மேல்மலை வரலாறு: கோப்பையில் ஏறிய பெயர்கள்

பெரியகுளம் பக்கத்துக் கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து கோடைக்கானலுக்கு ஏறிய பழைய மலைப்பாதையைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். 1910களின் நடுவில் மோட்டார் சாலை வரும்வரை, துரைமார்களும் அவர்கள் வீட்டுச் சாமான்களும் ஆட்களின் தோளில் வந்தார்கள். இல்லையென்றால் மட்டக்குதிரையின் முதுகில். வேறு வழி இல்லை. 1895இல் கோடைக்கானல் கோல்ஃப் கிளப் தொடங்கியபோது அதன் மட்டைகளும் பந்துகளும்கூட அப்படித்தான் மலையேறியிருக்க வேண்டும்.

இந்த அத்தியாயம் அந்தச் சுமையைப் பற்றியது. பிறர் மட்டையைச் சுமந்தவர்கள் ஒரு நாள் தாங்களே மட்டை பிடித்து, நாட்டின் பெரிய கோல்ஃப் கோப்பையில் தங்கள் பெயரைப் பொறித்த கதை. அது கோடையில் நடக்கவில்லை. டெல்லியிலும் கல்கத்தாவிலும் குர்கானிலும் நடந்தது. ஆனாலும் பூம்பாறையிலிருந்து எழுதும் இந்தத் தொடரில் அதற்கு இடம் உண்டு. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நம் மலையிலேயே ஒரு கோல்ஃப் மைதானம் இருக்கிறது. மேல்மலைக் கிராமங்களின் பிள்ளைகளில் பெரும்பாலோர் அதை வேலிக்கு வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறார்கள்.

முதலில் அந்த மைதானம். 1845இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் இங்கே வீடு கட்டினார்கள். 1863இல் மதுரைக் கலெக்டர் வியர் லெவிஞ் ஓடைக்குக் குறுக்கே கரை கட்டி ஏரியை உண்டாக்கினார். அதன் பிறகு ஊர் வேகமாக வளர்ந்தது. 1887இல் ஆங்கிலேயர் கிளப், 1890இல் படகுக் கிளப், 1895இல் கோல்ஃப். ஒவ்வொரு கோடையிலும் சமவெளியின் வெக்கைக்குத் தப்பி மேலே வந்த அதிகாரிகளும் பாதிரிமார்களும் தங்கள் ஊர்ப் பொழுதுபோக்குகளை ஒவ்வொன்றாக இங்கே கொண்டுவந்து வைத்தார்கள்.

கோல்ஃபுக்குப் புல்வெளி வேண்டும். பழனி மலையின் உச்சியில் அது வேண்டிய மட்டும் இருந்தது. அன்றைய கோடையைச் சுற்றி இன்று நாம் பார்க்கும் பைன் காடோ வாட்டில் காடோ கிடையாது. மலை முதுகெங்கும் புல். மடிப்புகளில், நீர் கசியும் இடங்களில் சோலைக்காடு. வாட்டிலும் பைனும் தைல மரமும் பெரும்பரப்பில் நடப்பட்டது பெரும்பாலும் 1950களுக்குப் பிறகுதான். நம் கிழவர்கள் மாடு மேய்த்த புல்வெளிகள் அப்படித்தான் மறைந்தன. பசுமைப் பள்ளத்தாக்கு, தூண் பாறைப் பக்கம் போகும் வழியில் இருக்கும் கோல்ஃப் மைதானம் மரம் ஏறாமல் தப்பிய திறந்த வெளிகளில் ஒன்று. காட்டுமாடுகள் அங்கே கூட்டமாக வந்து மேய்வதற்கும் காரணம் இதுதான். அவற்றுக்கு அது இன்னும் பழைய மேய்ச்சல் நிலம்.

இந்த மைதானத்தின் இன்னொரு தன்மை, ஆடுகிறவர்களுக்கு மட்டும் தெரியும். கோடை கடல்மட்டத்துக்கு மேலே சுமார் 7,000 அடி. காற்று மெல்லியது, பந்தை எதிர்க்கும் தடை குறைவு. சென்னையில் 150 கஜம் போகும் அடி இங்கே 160 கஜத்தைத் தாண்டிவிடும். சமவெளியிலிருந்து வரும் நல்ல ஆட்டக்காரர்கூட முதல் நாள் பந்தைக் குறியைத் தாண்டி அடித்துக்கொண்டே இருப்பார். எந்தக் குழிக்கு எந்த மட்டை, மாலையில் பனி இறங்கினால் புல் எவ்வளவு பிடிக்கும், கண்ணுக்கு மேடாகத் தெரியும் இடம் உண்மையில் எந்தப் பக்கம் சரிகிறது என்பதையெல்லாம் அறிந்திருப்பவர், கூடவே பையைச் சுமந்து நடக்கும் கேடீ. உலகெங்கும் இந்த ஆட்டத்தின் நுணுக்கம் அவர்களிடம்தான் முதலில் சேர்ந்தது.

இதற்கான சான்று ஆட்டத்தின் தாயகத்திலேயே இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தில் கனவான்கள் பொழுதுபோக்காக ஆடினார்கள். பை சுமந்தும், பந்து செய்தும், புல்லைப் பராமரித்தும் பிழைத்தவர்கள் காசுக்கு ஆடினார்கள். தொழில்முறை ஆட்டக்காரர் என்ற வர்க்கம் அந்த உழைப்பாளிகளிலிருந்து பிறந்தது. அவர்களில் தலைசிறந்தவர் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஆலன் ராபர்ட்சன் 1859இல் இறந்தார். அவருக்குப் பிறகு யார் என்ற கேள்வி எழுந்தது. அதைத் தீர்க்க 1860 அக்டோபர் 17 அன்று பிரெஸ்ட்விக் மைதானத்தில் எட்டுப் பேர் ஆடினார்கள். பிரிட்டிஷ் ஓப்பன் அப்படித்தான் தொடங்கியது. வில்லி பார்க் வென்றார். பரிசு கோப்பை கூட இல்லை. வெள்ளி வேலைப்பாடு செய்த சிவப்புத் தோல் கச்சை.

அந்தக் கச்சைக்கு ஒரு விதி இருந்தது. தொடர்ந்து மூன்று முறை வென்றவர் அதைச் சொந்தமாக எடுத்துக்கொள்ளலாம். நம் ஊர்க் கபடிப் போட்டியின் சுழற்கோப்பைக்கு இன்றும் சொல்லும் அதே விதி. 1868, 1869, 1870 என மூன்று ஆண்டுகள் வரிசையாக வென்று டாம் மாரிஸ் என்ற இளைஞர் அதை வீட்டுக்குக் கொண்டுபோனார். முதல் வெற்றியின்போது அவருக்கு 17 வயது. கொடுக்கப் பரிசு இல்லாததால் 1871இல் போட்டியே நடக்கவில்லை! மூன்று கிளப்புகள் ஆளுக்குப் பத்து பவுண்டு போட்டு, எடின்பரோ வெள்ளிக்கடையில் ஒரு வைன் குடத்தைச் செய்ய ஏற்பாடு செய்தன. 1872இல் மீண்டும் நடந்த போட்டியிலும் டாம் மாரிஸே வென்றார். ஆனால் குடம் அதற்குள் தயாராகவில்லை. அதில் பொறித்த முதல் பெயர் அவருடையது; கையில் வாங்கிய முதல் ஆள் அடுத்த ஆண்டு வென்ற டாம் கிட். மாரிஸ் 1875இல், 24 வயதில், கிறிஸ்துமஸ் அன்று இறந்துபோனார். இனி எத்தனை முறை வென்றாலும் குடம் யாருக்கும் சொந்தமாகாது என்று முடிவானது. கச்சை ஒருவரோடு போய்விட்டது. குடம் 150 ஆண்டுப் பெயர்களைச் சுமந்து நிற்கிறது.

அந்தப் பெயர்களுக்கு உரியவர்கள் நெடுங்காலம் கிளப் கட்டடத்துக்குள் நுழைய முடியாதவர்களாக இருந்தார்கள். 1920இல் இங்கிலாந்தின் டீல் ஊரில் ஓப்பன் நடந்தபோது, தொழில்முறை ஆட்டக்காரர்கள் உடை மாற்றக்கூட உள்ளே வரக் கூடாது என்றார்கள். அமெரிக்கரான வால்டர் ஹேகன் பெரிய கார் ஒன்றை வாடகைக்கு எடுத்து வாசலிலேயே நிறுத்தி, அதற்குள் உடை மாற்றிக்கொண்டார். அதே ஆண்டு அமெரிக்காவின் டொலிடோ நகரில் இன்வெர்னெஸ் கிளப் தன் கதவை அவர்களுக்குத் திறந்துவிட்டது. நன்றியாக ஆட்டக்காரர்கள் காசு சேர்த்து ஒரு பெரிய மணியொலிக் கடிகாரம் வாங்கிக் கொடுத்தார்கள். கோப்பை வென்றவனுக்கே வாசல் அடைத்திருந்தது என்றால், அவன் பையைத் தூக்கியவனின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

இந்தியாவில் வாசல் இன்னும் இறுக்கம். இங்கே வர்க்கத்தோடு நிறமும் சேர்ந்தது. கல்கத்தாவில் கோல்ஃப் கிளப் தொடங்கியது 1829இல். பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே இன்றும் இயங்கும் மிகப் பழைய கிளப் அது. 1892இல் அங்கே அமெச்சூர் சாம்பியன்ஷிப் தொடங்கியது. கொழும்பில் 1879இல், நுவரெலியாவில் 1889இல், கோடையில் 1895இல் என்று, பிரிட்டிஷார் குளிர்ச்சியோ கடல்காற்றோ தேடிப் போன இடமெல்லாம் புல் வெட்டி, குழி தோண்டி, கொடி நட்டார்கள். சென்னையில் கிண்டிக் குதிரைப் பந்தயப் பாதைக்கு நடுவிலேயே ஆடினார்கள். எல்லா இடத்திலும் வேலை பார்த்தவர்கள் நம் ஆட்கள். புல் வெட்டியவரும், பந்து தேடியவரும், பை சுமந்தவரும். விடுதலைக்குப் பிறகு உறுப்பினர் பட்டியலில் இந்தியப் பெயர்கள் வந்தன: சிற்றரசர்கள், ராணுவ அதிகாரிகள், கம்பெனி முதலாளிகள். பை சுமந்தவர்கள் அதே இடத்தில்தான் நின்றார்கள்.

மாற்றத்துக்கு வழி திறந்தவர் ஒரு வெளிநாட்டுக்காரர். பீட்டர் தாம்சன், ஆஸ்திரேலியர், பிரிட்டிஷ் ஓப்பனை ஐந்து முறை வென்றவர். பிரிட்டனுக்குப் போகும் வழியில் இந்தியாவில் தங்கிப் பழகிய அவர், இங்கேயும் ஒரு ஓப்பன் போட்டி வேண்டும் என்று வற்புறுத்தினார். ஹாங்காங், சிங்கப்பூர், மலேசியா என்று கிழக்காசியாவில் அப்போதுதான் தொழில்முறைப் போட்டிகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்தன. 1964இல் டெல்லி கோல்ஃப் கிளப்பில், பழைய கல்லறை மாடங்களுக்கும் மயில்களுக்கும் நடுவே, முதல் இந்தியன் ஓப்பன் நடந்தது. வென்றவர் தாம்சனே. 1966, 1976 ஆண்டுகளிலும் அவரே வென்றார். ஓப்பன் என்றால் அமெச்சூரும் தொழில்முறை ஆட்டக்காரரும் ஒரே மைதானத்தில், ஒரே கோப்பைக்கு ஆடலாம். உறுப்பினரும் அவருடைய பையைத் தூக்கியவரும் ஒரே பட்டியலில் நிற்கலாம். தாம்சன் இதையெல்லாம் எண்ணிச் செய்தாரா என்பதைவிட, இது நடந்தது என்பதே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

உடனே நடந்துவிடவில்லை. இரண்டாம் ஆண்டே ஓர் இந்தியர் வென்றார். ஆனால் அவர் பி.ஜி. சேத்தி, கிளப் உறுப்பினர்களின் உலகத்தைச் சேர்ந்த அமெச்சூர். இன்றுவரை இந்தியன் ஓப்பனை வென்ற ஒரே அமெச்சூரும் அவர்தான். பிறகு ஜப்பானியர், பிலிப்பினோ, தைவான்காரர், ஆஸ்திரேலியர், அமெரிக்கர் என்று கோப்பை கைமாறிக்கொண்டே போனது. டெல்லியும் கல்கத்தாவும் மாறி மாறிப் போட்டியை நடத்தின. 1970இல் அது, பல நாடுகளில் அடுத்தடுத்து நடக்கும் தொழில்முறைப் போட்டிகளின் தொடரான ஆசியச் சுற்றில் சேர்ந்தது. இடையில் 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் கோல்ஃப் முதன்முறையாக இடம்பெற்றபோது லட்சுமண் சிங் தங்கம் வென்றார். அவரும் அமெச்சூர். இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவரின் பெயர் அந்தக் கோப்பையில் ஏற, சேத்திக்குப் பிறகு 26 ஆண்டுகள் ஆயின.

1991. மைதானம் அதே டெல்லி கோல்ஃப் கிளப். வென்றவர் அலி ஷேர். அங்கேயே பை சுமந்து வளர்ந்தவர். அந்த மைதானத்தின் ஒவ்வொரு புதரையும் வெறும் கால்களோடு அறிந்திருந்த ஒருவர், வெளிநாட்டு ஆட்டக்காரர்களை அங்கேயே தோற்கடித்தார். ஒருமுறை அதிர்ஷ்டம் என்று சொல்லக் காத்திருந்தவர்களுக்கு 1993இல் மறுபடி வென்று காட்டினார். இந்திய விளையாட்டு வரலாற்றில் இதற்குக் கிடைத்த இடம் மிகச் சிறியது. கிரிக்கெட்டுக்கு அப்படி ஒரு மனிதர் கிடைத்திருந்தால் பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். எனக்கு இது உண்மையான வருத்தம்.

அலி ஷேருக்குப் பிறகு கோப்பையின் பெயர்ப் பட்டியலை வரிசையாகப் படித்தால் ஒரு நாட்டின் மாற்றமே தெரியும். 1998இல் கல்கத்தாவின் ஃபெரோஸ் அலி. 1999இல் அர்ஜுன் அட்வால். பின்னாளில், 2010இல், அமெரிக்க பி.ஜி.ஏ. சுற்றில் பட்டம் வென்ற முதல் இந்தியர். 2000இல் ராணுவக் குடும்பத்துப் பிள்ளை ஜோதி ரந்தாவா. அவர் 2006, 2007இலும் வென்று தாம்சனின் மூன்று வெற்றிகளை எட்டிப்பிடித்தார். 2002இல் விஜய் குமார். வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகளும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளும் ஒருவர் பெயருக்குக் கீழ் ஒருவராக.

2009இல் நடந்தது நம் பக்கத்துக் கதை. குர்கான் டி.எல்.எஃப். மைதானத்தில் கொரியாவின் லீ சுங்குடன் சமநிலையில் முடித்து, கூடுதல் குழியில் வென்றவர் சின்னசாமி முனியப்பா. பெங்களூர்க்காரர், முன்னாள் கேடீ. வெளியே அவ்வளவாகப் பெயர் தெரியாதவர். பரிசு ஏறத்தாழ 1,98,000 டாலர். அந்த வாரம் வரை அவருடைய வருமானத்தோடு ஒப்பிட்டால் அது எத்தனை ஆண்டுச் சம்பாத்தியம் என்று நான் கணக்கிட வேண்டியதில்லை. பெங்களூரிலிருந்து வந்த இன்னொருவர், அனிர்பன் லஹிரி, ராணுவ மருத்துவரின் மகன். 2015இல் கடைசி நாள் தொடங்கும்போது ஏழு அடிகள் பின்தங்கியிருந்து, அதையெல்லாம் ஈடுகட்டி, கூடுதல் குழியில் கோப்பையைத் தட்டிச் சென்றார். அன்று தோற்றவரைப் பற்றித்தான் நான் இன்னும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

எஸ்.எஸ்.பி. சௌராசியா. தகப்பனார் ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல்லைப் பராமரித்தவர். மகன் அந்த மைதானத்தின் ஓரத்திலேயே வளர்ந்து, பார்த்தே ஆடக் கற்றார். பயிற்சியாளர் இல்லை. ஆள் உயரம் குறைவு. நெடுந்தூரம் அடிக்கும் பலமும் பெரிதாக இல்லை. அந்தக் குறையை, குழிக்கு அருகில் பந்தை மெல்லத் தட்டி இறக்கும் வித்தையால் ஈடுகட்டினார். காசு குறைந்த பிள்ளைகளுக்கு நீண்ட மைதானம் கிடைக்காது. ஒரு மூலையில் சின்னப் புல்தரை கிடைக்கும். அங்கே பிறக்கும் திறமை இது. 2008இல் டெல்லியில் நடந்த இந்தியன் மாஸ்டர்ஸ் போட்டியை வென்று ஐரோப்பியச் சுற்றுக்குள் போனார். ஆனால் இந்தியன் ஓப்பன் மட்டும் கைக்கு எட்டியும் எட்டாமலே இருந்தது. பல முறை இரண்டாம் இடம். 2013இல் ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் வங்கதேசத்தின் சித்திக்கூர் ரஹ்மான் கோப்பையைக் கொண்டுபோனார். டாக்காவின் குர்மிட்டோலா கிளப்பில் பந்து பொறுக்கி வளர்ந்தவர் அவர். 2015இல் லஹிரி. அப்புறம் 2016இல் சௌராசியா வென்றார். 2017இல் குர்கானின் கடினமான மைதானத்தில் ஏழு அடிகள் முன்னிலையில் மறுபடி வென்றார். புல் வெட்டியவரின் மகன் பெயர் கோப்பையில் இரண்டு முறை, அடுத்தடுத்து.

பெண்கள் பக்கமும் ஒரு செய்தி. பெங்களூரின் அதிதி அசோக் 2016இல், 18 வயதில், பெண்கள் இந்தியன் ஓப்பனை வென்றார். டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்று நாட்டையே விடியற்காலையில் தொலைக்காட்சி முன் உட்கார வைத்தாரே, அவர்தான். அந்த ஒலிம்பிக்கில் அவருடைய பையைச் சுமந்து நடந்தவர் அவருடைய தாயார்.

இந்தியன் ஓப்பன் இப்போது ஐரோப்பியச் சுற்றின் பகுதி; 2025இல் பரிசுத் தொகை 22.5 லட்சம் டாலராக இருந்தது. கொரோனாவால் 2020 முதல் 2022 வரை நடக்கவில்லை, 2023இல் திரும்பியது. அதற்கு அடியில் நாட்டுக்குள்ளே ஆண்டு முழுதும் ஆடிப் பிழைக்க ஒரு சுற்று வேண்டும். அதை 2006இல் தொடங்கிய இந்திய தொழில்முறை கோல்ஃப் சுற்று, அதாவது பி.ஜி.டி.ஐ., தருகிறது. முனியப்பா போன்றவர்களுக்கு வாரச் சோறு அங்கேதான். மைசூர் சாலையோர மைதானத்தில் பை சுமந்து தொடங்கிய சிக்கரங்கப்பா அங்கேதான் பல பட்டங்கள் வென்றார். இலங்கையின் என். தங்கராஜா கடல் தாண்டி வந்து அந்தச் சுற்றில் பட்டம் வென்றிருக்கிறார்.

தமிழ்நாட்டிலிருந்து ஒரு பெயர் இந்தியன் ஓப்பன் கோப்பையில் இதுவரை ஏறவில்லை. ஊட்டி, வெலிங்டன், கோடை என்று மூன்று மலை மைதானங்கள் வைத்திருக்கும் மாநிலம் இது. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் மைதானங்கள் உண்டு. ஆகவே நிலம் குறை என்று சொல்ல முடியாது. அலி ஷேரையும் சௌராசியாவையும் உருவாக்கிய கிளப்புகளில் என்ன இருந்தது என்று பார்த்தால், பெரிய பயிற்சித் திட்டம் எதுவும் இல்லை. உறுப்பினர்கள் வராத நேரத்தில் வேலையாள் வீட்டுப் பையன் ஒரு பழைய மட்டையோடு புல்லில் இறங்கினால் விரட்டாமல் இருந்தார்கள். இவ்வளவு சின்ன இடைவெளி போதும் என்று வரலாறு சொல்கிறது. கோடையிலும் வாரத்தில் ஒரு காலைப் பொழுதை மலைப் பள்ளிக்கூடங்களின் பிள்ளைகளுக்கு ஒதுக்கினால், பத்து ஆண்டில் என்ன நடக்கும் என்று நான் ஆசையோடு எண்ணுவதுண்டு. படிக்கட்டு வயலில் பூண்டு மூட்டையோடு ஏறி இறங்கும் கால்களுக்கு 18 குழி நடை ஒரு பொருட்டே இல்லை. சரிவைப் படிக்கும் கண்ணும் பிறந்ததிலிருந்தே உண்டு. எந்தப் பாத்தியில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதை ஏழு வயதில் அறிந்த பிள்ளைகள் இவர்கள்.

அடுத்த அத்தியாயத்தில் அந்தப் பூண்டு மூட்டையைப் பின்தொடர்வோம்: பூம்பாறையிலிருந்து வடுகபட்டிச் சந்தை வரை அது போன பாதையும், 2019இல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பின்னணியும்.

(தொடரும்)